கரவொலித் தீர்மானம்

கைக்குட்டை உங்களுதா அண்ணாச்சி? அதுமேலதான் உக்காந்திருக்கேன். இருங்க, எடுத்துத் தாரேன்... இந்தாங்க. கசங்கல்லாம் இல்ல. பஸ் ஜன்னல் வழியா இதைச் சீட்டுல போட்டுட்டுத் தண்ணிப் பாட்டில் வாங்கப் போயிட்டீங்களாக்கும். நல்லது. ஆனா ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்கப்பிடாது. ஒரு துணியைப் போட்டுட்டுப் போனா இடம் சொந்தமாயிருமா? அந்தக் காலத்துல ராஜா இதைத்தான் செஞ்சான். கொடியை நட்டுட்டுப் போயிருவான், வருஷம் கழிச்சு வந்து இந்த மண்ணு என்னோடதும்பான். நான் உங்களைச் சொல்லல. கொள்கையைச் சொல்லுதேன். நீங்க இப்படிப் பக்கத்துல உக்காருங்க. மதுரைக்குத்தானே? நானும் மதுரைக்குத்தான். பேச்சுத் துணைக்கு ஆச்சு.

என்னைத் தெரியலையா? செங்குளம் ஆவுடைநாயகம். முழக்கவேந்தர் ஆவுடைநாயகம்னா நம்ம பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். தெரியாதா? சரி, நீங்க இலக்கியக் கூட்டத்துக்கெல்லாம் போற ஆளு இல்ல போலுக்கு. சரித்திர வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேடை ஏறுன நாள்லேருந்து முடியாட்சியைக் கிழிகிழின்னு கிழிச்சுக்கிட்டு இருக்கேன். ஏன் சிரிக்கீங்க? வேந்தர்ங்கிற பட்டத்துக்கா? அது வேற வேந்தர் அண்ணாச்சி. அது மக்கள் குடுத்தது. மக்கள்னா, எங்க மன்றத்துல யாருக்குப் பட்டம் குடுக்கலாம்னு ஒரு குழு போட்டாவ. அந்தக் குழுவுக்கு நான் தலைவர். அவுகளாப் பாத்துக் குடுத்தாவ, நான் வேண்டாம்னு சொன்னேன். அவுக கேக்கல.

மன்றத்துக்குப் பேரு குடியரசு இலக்கிய மன்றம். பேரைக் கவனிங்க. நான் வச்ச பேரு. ஆரம்பிச்ச அன்னைலேருந்து இருபத்திரண்டு வருஷமா நான்தான் தலைவர். சனவரி இருபத்தாறாந்தேதி ஆண்டுவிழா. காலையில கொடியேத்தி மிட்டாய் குடுப்போம், சாயங்காலம் பட்டிமன்றம். அதுக்கு நடுவரும் நான்தான். வெளியூர்லேருந்து நடுவரைக் கூட்டிட்டு வந்தா கார் அனுப்பணும், சாப்பாடு போடணும், மன்றத்துக்கு வீண் செலவுல்லா. தலைப்பு வருஷா வருஷம் மாறும். ஒரு வருஷம் 'மக்களைக் காத்தது மணிமுடியா, வாக்குச்சீட்டா?' அடுத்த வருஷம் 'வாக்குச்சீட்டா, மணிமுடியா?' தீர்ப்பு மட்டும் மாறாது. குடியாட்சிதான். முப்பது நிமிஷம் தீர்ப்புரை. நான் கேப்பேன்: 'கோபுரத்தைக் கட்டியவன் மன்னன் என்கிறீர்களே! கல் சுமந்தவன் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது?' அப்படின்னு கேட்டா, கூட்டம் அதிரும். பின்னால சுக்குக்காப்பி போடுத ஆளுகூட கரண்டியைக் கீழ வச்சுட்டுக் கைதட்டுவான்.

டிக்கெட்டா? இந்தாங்க கண்டக்டர், மதுரை ஒண்ணு. இல்ல, அண்ணாச்சி அவருக்கு எடுத்துக்கிடுவாரு.

எங்க விட்டேன்? ஆங், பட்டிமன்றம். அதுல என் நாற்காலியைப் பத்திச் சொல்லணும், ஏன்னா பின்னால ஊருக்குள்ள இதை ஒரு குத்தமாச் சொன்னாவ. எனக்கு இடுப்பு வலி. பிளாஸ்டிக் சேர்ல மூணு மணி நேரம் இருக்க முடியாது. அதனால கல்யாண மண்டபத்துலேருந்து, வரவேற்புல மாப்பிள்ளை உக்காருவான்லா, சிவப்பு வெல்வெட் போட்டு, கை வைக்கிற இடத்துல சிங்கத்தலை வச்சு, அந்த நாற்காலியை எடுத்துட்டு வருவாங்க. முதுகுக்கு நல்லா இருக்கும். சிங்கம் நான் கேட்டது இல்ல. சிங்கம் இல்லாத நாற்காலி அந்த மண்டபத்துல கிடையாது. அப்புறம் வீட்டுலேருந்து மேடை வரைக்கும் மேளம். நடந்தே போயிருவேன்னுதான் சொல்லுவேன். பிள்ளைக ஆசைப்படுதுக. ஒரு வருஷம் மேளக்காரன் வர நேரமாச்சு. நான் வீட்டுலயே இருந்துட்டேன், அவன் வார வரைக்கும். ஏழைத் தொழிலாளி, அவன் மனசு நோகப்பிடாதுல்லா.

இப்போ நம்ம தேர்தல் முறையைச் சொல்லுதேன். இதைக் கவனமாக் கேளுங்க, விவகாரமே இங்ஙனதான் இருக்கு. முதல் வருஷம் கை தூக்கித் தேர்தல் வச்சோம். கை தூக்குனா எண்ணணும். எண்ணுனவன் தப்பா எண்ணிட்டான்னு ஒருத்தன் எந்திரிச்சான், இன்னொருத்தன் அவன்மேல காப்பியை ஊத்திட்டான். நான் பாத்தேன். அடுத்த வருஷத்துலேருந்து கரவொலித் தீர்மானம்னு ஒரு மரபு கொண்டுவந்தேன். மைக்ல தீர்மானத்தைச் சொல்லணும். சபை கைதட்டுனா நிறைவேறிருச்சு. எண்ண வேண்டாம், சண்டை இல்ல. கைதட்டுனவன் எந்திரிச்சு நான் தட்டலன்னு சொல்ல முடியுமா?

பொதுக்குழுவையும் பட்டிமன்றத்தையும் ஒண்ணாச் சேத்ததும் நான்தான். பொதுக்குழுன்னு தனியாக் கூப்பிட்டா ஈ காக்கா வராது. அதனால கடவுள் வாழ்த்துல பொதுக்குழு ஆரம்பம், நாட்டுப்பண் பாடுனா முடிவு. நடுவுல என்ன நடந்தாலும் அது பொதுக்குழுதான். ஒரு வருஷம் 'இதே நிர்வாகம் தொடரும்'னு சொல்ல மறந்துட்டேன். பட்டிமன்றம் முக்காவாசி போயாச்சு. என்ன செய்ய? தீர்ப்புல நல்லாக் கைதட்டல் விழுற இடம் பாத்து, தட்டிக்கிட்டு இருக்கையிலேயே, 'இதே நிர்வாகம் தொடரும்'னு ஒரு வரியைச் சேத்துட்டேன். முடிஞ்சது சோலி. நல்லா இருக்கேன்னு அதுலேருந்து வருஷா வருஷம் அப்படியே செய்யுதோம். தட்டிக்கிட்டு இருக்குறப்போ ஒரு வரி. மக்கள் அவ்வளவு உற்சாகமா எந்த நாட்டுலயும் ஓட்டுப் போட்டது கிடையாது.

நீங்க என்னமோ கேக்க வாரீங்க. கொஞ்சம் இருங்க, முடிச்சிருதேன்.

இந்த வருஷம் முடியாட்சி அணிக்கு ஜெபராணின்னு ஒரு டீச்சரைப் போட்டோம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால செங்குளத்துக்கு மாத்தலாகி வந்தவ. தங்கமான பிள்ளை, குரல் கணீர்னு இருக்கும். முடியாட்சி பக்கம் பேசுதவங்களுக்கு எப்பவும் கஷ்டம்தான், தோக்கது முன்னமே தெரியும்லா. அவ மைக் முன்னால வந்து என்னைப் பாத்து ஒரு கும்பிடு போட்டா.

'நடுவர் அவர்களே, மன்னராட்சிதான் சிறந்தது. அதற்குப் பழைய காலத்துக்குப் போக வேண்டாம். நம் மன்றத்தையே பாருங்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே தலைவர். தேர்தல் குழப்பம் உண்டா? இல்லை. அடுத்த தலைவர் யார் என்ற கவலை உண்டா? அதுவும் இல்லை, மருமகன் துணைத்தலைவராக இருக்கிறார். கட்டடத்துக் கல்வெட்டைப் பாருங்கள். அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், மூன்றும் ஒரே பெயர். எத்தனை ஒற்றுமை!' அப்படின்னா.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு அண்ணாச்சி. பொய் சொல்லல. இத்தனை வருஷத்துல நான் செஞ்சதை ஒருத்தர் இப்படி வரிசையா எடுத்துச் சொன்னது இல்ல. கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுது. நம்ம சனங்களுக்குச் சந்தோஷம் வந்தாச் சிரிப்புதானே. மருமகனைச் சொன்னாளே, அவரு மதுரையில இருக்காரு, வருஷத்துக்கு ஒருக்கா வருவாரு. வாரிசுன்னு எல்லாம் கிடையாது. தகுதி இருக்கு, குடும்பத்துலயும் இருந்துட்டாரு, அவ்வளவுதான். கல்வெட்டுல கொத்தனார் பேரையும் போடலாம்னுதான் இருந்தேன். கல்லுல இடம் இல்ல.

பேசுறவங்களுக்கு ஆளுக்கு அஞ்சு நிமிஷம். நேரம் ஆயிட்டா நான் மணி அடிப்பேன். இந்த மணிதான், பையில இருக்கு பாருங்க. தலையில தட்டுனா டிங்குன்னு கேக்கும்லா, மேசை மணி. எத்தனை பேரை நடுவாக்கியத்துல நிறுத்திருக்கு தெரியுமா? ஜெபராணிக்கு மட்டும் அன்னைக்கு அடிக்கல. பத்து நிமிஷம் பேசட்டும்னு விட்டேன். பேசி முடிச்சுக் கடைசியில, 'ஆகவே நடுவர் அவர்களே, முடியாட்சியே சிறந்ததெனத் தீர்ப்பளியுங்கள். நீங்கள் அப்படித் தீர்ப்பளிப்பதே நேர்மை'ன்னு சொல்லிட்டு உக்காந்தா. நான் எந்திரிச்சுப் போயி என் தோள்ல கிடந்த பொன்னாடையை எடுத்து அவளுக்குப் போத்துனேன். ஒரு நிமிஷம் இந்த வருஷம் முடியாட்சி பக்கமே தீர்ப்பைச் சொல்லிரலாமான்னுகூட யோசிச்சேன், அவ்வளவு நல்லாப் பேசிட்டா. ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்லா.

தீர்ப்புக்கு எந்திரிச்சேன். மெதுவாத்தான் ஆரம்பிச்சேன். கல் சுமந்தவன் வந்தான், கைதட்டல். வரி கட்டுனவன் வந்தான், கைதட்டல். நமக்கு ஒரு பழக்கம், கைதட்டல் விழுந்தா வாய் நிக்காது. அதுக்குச் சொந்தக்காரனையே தெரியாது. சிங்கத்தலையில கையை ஊனி நிமிந்து நின்னு சொன்னேன்:

'அவையோரே! எந்த நாற்காலியில் ஒருவன் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருக்கிறானோ, அது நாற்காலி அன்று, அரியணை! அமர்ந்தவன் தலைவன் அல்லன், மன்னன்! அவனாக எழ மாட்டான். எழுந்ததாகச் சரித்திரம் இல்லை! எழுப்புங்கள் அவனை! இன்றே எழுப்புங்கள்! இப்போதே எழுப்புங்கள்!'

அடேயப்பா! அப்படி ஒரு கைதட்டலை நான் வாழ்நாள்ல கேட்டதில்ல. முன்வரிசை எந்திரிச்சுது, நடுவரிசை எந்திரிச்சுது. மொத்தச் சபையும் நின்னுக்கிட்டுத் தட்டுது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. நம்ம ஒரு வரி இருக்குல்லா, 'இதே நிர்வாகம் தொடரும்', அதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காதுன்னு வாயைத் திறக்கேன், பக்கத்துல இருந்த பிச்சையா மைக்கை எடுத்துட்டான். பிச்சையா எங்க பொருளாளர். மருந்துக்கடை வச்சிருக்கான், மன்றம் ஆரம்பிச்ச அன்னைலேருந்து கூட இருக்கான். ஒருநாளும் மைக்கைத் தொட்டவன் இல்ல. அவன் சொல்லுதான்:

'அய்யா முன்மொழிஞ்ச தீர்மானம், ஒரே ஆளு வருஷக்கணக்காத் தலைவரா இருக்கக் கூடாதுங்கிறது, சபையோட கரவொலியால நிறைவேறிருக்கு. மன்ற மரபுப்படி இந்த நிமிஷத்துலேருந்து தலைவர் பதவி காலியா இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை தேர்தல். எல்லாரும் எந்திரிச்சுத்தான் இருக்கீங்க. அப்படியே நாட்டுப்பண்.'

பாடிட்டாங்க அண்ணாச்சி! ஜெபராணி கூட்டிட்டு வந்த பிள்ளைக தயாரா நிக்குதுக, உடனே எடுத்துருச்சுக. நான் மணிமேல கையை வச்சுட்டேன். ஆனா நாட்டுப்பண்ணுக்கு நடுவுல மணி அடிக்க முடியுமா? பேசத்தான் முடியுமா? நான் குடியரசுக்காரன். அசையாம நிக்கேன். நெஞ்சுக்குள்ள கொதிக்குது, கையும் காலும் விறைப்பா நிக்குது. பாடி முடிஞ்சுது. முடிஞ்சா பொதுக்குழு முடிஞ்சுது, அது நான் வச்ச சட்டம். இனி நான் என்ன சொன்னாலும் அது கூட்டத்துல சொன்னது ஆகாது, வீட்டுக்குப் போற வழியில சொன்னது. மேளக்காரனும் போயிட்டான். இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவையா வீட்டுக்கு ஒத்தையில நடந்தேன்.

சதி அண்ணாச்சி. சரித்திரத்துல எந்த அரண்மனையை எடுத்தாலும் மந்திரிதான் காலை வாரிருக்கான். அரண்மனைன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மறுநாள் காலையில மருந்துக்கடைக்கே போயிக் கேட்டேன். 'யோவ் பிச்சையா, நான் பேசுனது தீர்ப்புய்யா. அது எப்படித் தீர்மானம் ஆகும்?' அவன் ஒரு கிழவிக்கு இருமல் மருந்து எடுத்துக் குடுத்துக்கிட்டே, 'நீரு வருஷா வருஷம் தீர்ப்புக்குள்ளதான வே தீர்மானம் வச்சீரு'ங்கான். எப்படிப் பேசுதான் பாருங்க. அதுவும் இதுவும் ஒண்ணா?

வீட்டுல சண்முகவடிவுகிட்டச் சொன்னேன். என் சம்சாரம். கண்ணீர் விடுவான்னு பாத்தா, அடுப்பைக் குறைச்சு வச்சுட்டு வந்து, 'அப்போ இனி சாயங்காலம் வீட்டுலயா இருப்பீங்க?'ன்னு கேட்டா. குரல்ல ஒரு நடுக்கம். என் கஷ்டத்தை நெனச்சுத்தான் நடுங்கிருக்கா, பாவம்.

தேர்தல்ல நின்னேன். ஏன் நிக்கப்பிடாது? ஜெபராணியை எதுத்து நின்னேன். சீட்டு எழுதிச் சம்படத்துல போட்டு, மூடியைத் தொறந்து எண்ணுனாங்க. ஒரு காப்பியும் கொட்டல. ரெண்டு ஓட்டு விழுந்துச்சு எனக்கு. ஒண்ணு நான் போட்டது. இன்னொண்ணு சண்முகவடிவுன்னு நெனச்சு, வீட்டுக்கு வந்து நன்றின்னு சொன்னேன். அவ, 'நான் அந்த டீச்சருக்குல்லா போட்டேன்'ங்கா, வெள்ளந்தியா. அப்போ யாரு? மறுநாள் ஜெபராணியே வந்தா. 'சார்வாள், அந்த ஓட்டு நான் போட்டது. எதுத்து நிக்கவங்களுக்குப் போடுதது மரியாதைன்னு எங்கப்பா சொல்லுவாங்க'ன்னா. பாத்தீங்களா? ஜெயிச்சவளுக்கே தெரிஞ்சிருக்கு, தகுதியான ஆளு யாருன்னு.

அதோட போயிருந்தாச் சரி. வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே ஒண்ணு சொன்னா. 'அடுத்த வருஷப் பட்டிமன்றத்துல நீங்க கட்டாயம் பேசணும் சார்வாள். முடியாட்சி அணிக்குத் தலைவரா உங்களைப் போட்டிருக்கோம். எல்லாருக்கும் போல அஞ்சு நிமிஷம்.'

அஞ்சு நிமிஷம். எனக்கு.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல அண்ணாச்சி. பதவி போனதுக்குக்கூட நான் கலங்கல. மேடையில நான் நிக்கேன், பேசுதேன், கல் சுமந்தவன் இப்போதான் வாரான், கூட்டம் நிமிந்து உக்காருது, அப்போ பின்னாலேருந்து டிங்குன்னு ஒரு சத்தம். என்னைப் பாத்து. நடுவாக்கியத்துல. அந்தச் சத்தத்தை நான் இருபத்திரண்டு வருஷமாக் கேட்டிருக்கேன், அது எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. விடியவும் மன்றத்துக்குப் போனேன். சாவி இன்னும் என்கிட்டதான் இருந்துச்சு. சாவியை மேசைமேல வச்சேன், மணியை எடுத்துட்டு வந்துட்டேன். இதைத் திருட்டுன்னு பிச்சையா சொல்லிட்டுத் திரியுதானாம். மன்றத்துச் சொத்தை மன்றத்துக்காரன் எடுத்தா எப்படித் திருட்டாகும்? நான் இல்லாம ஏது மன்றம்?

மதுரைக்கு மக வீட்டுக்குத்தான் போறேன். பெரிய அடுக்குமாடி. அங்க குடியிருக்கவங்க சங்கம் ஒண்ணு இருக்காம், ஆளாளுக்குப் பேசுதாங்களாம், கட்டுப்பாடு கிடையாதாம். கேட்டதுலேருந்து மனசு கேக்கல. குடியாட்சின்னா என்னன்னு அவுகளுக்கு ஒருத்தர் எடுத்துச் சொல்லணும். மருமகன்கிட்ட, நான் வாரேன், கூட்டத்தை மட்டும் கூட்டுங்கன்னு சொல்லிருக்கேன். அவரு போனை மக கையில குடுத்துட்டாரு. மரியாதைக்காரரு.

நீங்க ஏறுன நேரத்துலேருந்து என்னமோ சொல்லணும்னு வாயைத் திறக்கீங்க, மூடுதீங்க. சொல்லுங்க. தாராளமாச் சொல்லுங்க, நம்ம நாடு குடியரசு நாடு. என்னது? ஜன்னல் காத்து இல்லைன்னா உங்களுக்கு வாந்தி வருமா? அதுக்காகத்தான் முன்னாடியே வந்து கைக்குட்டையைப் போட்டு...

டிங்.

கோவிச்சுக்கிடாதீங்க, கை பழக்கம். உங்க கருத்தைக் கேட்டுக்கிட்டேன். பரிசீலிப்போம். கோவில்பட்டி வந்துருச்சு பாருங்க, வண்டி பத்து நிமிஷம் நிக்கும். நான் எறங்கி ஒரு காப்பி குடிச்சுட்டு, கடலைமிட்டாய் வாங்கிட்டு வந்துருதேன். பேத்திக்கு. பையைத் தள்ளி வச்சுக்கிடுங்க. இருங்க, பட்டத்தோட வந்த பொன்னாடை ஒண்ணு பையில இருக்கு, அதைச் சீட்டுல விரிச்சுட்டுப் போறேன். யாரும் உக்காந்துறாமப் பாத்துக்கிடுங்க, நீங்களுந்தான்.

என்ன அப்படிப் பாக்கீங்க? கைக்குட்டை வேற, இது வேற அண்ணாச்சி. கைக்குட்டை நீங்களாப் போட்டது. இது மக்கள் போத்துனது.